முன்னூறு அடி

தாராளமாக உட்காருங்கள் சார், இரண்டு பேருக்கு இந்த சீட் போதும். புளியங்குடி பஸ் ஸ்டாண்டில் எந்நேரமும் இந்தக் கூட்டம்தான். நான் ராஜபாளையத்தில் இறங்கி மதுரை பஸ் பிடிக்க வேண்டும், அங்கிருந்து திருச்சி. கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன், கோபம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இருபத்திரண்டு வருஷம் பம்ப் பக்கத்தில் நின்ற காது இது.

பம்ப் என்றதும் தண்ணீர் பம்ப் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நான் ஓட்டுவது கான்கிரீட் பம்ப். லாரியில் கலவை வரும். அதைத் தொட்டியில் வாங்கி, இரும்புக் குழாய் வழியாகத் தள்ளி, தளம் எங்கே வேண்டுமோ அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எந்த சைட்டிலும் ஆபரேட்டர் கோமதிநாயகம் என்று கேட்டுப் பாருங்கள். "ஃபைபரா? அப்ப நாயகத்தைக் கூப்பிடு" என்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை சார். அந்த நல்ல பேரால்தான் எனக்கு இந்தக் கெட்ட பேர்.

நீங்கள் படித்தவர் போலத் தெரிகிறீர்கள். நீங்களே நியாயம் சொல்லுங்கள். பெற்ற மகள் வந்து நிற்கும்போது கல் மாதிரி நின்றான் என்று ஊரில் என்னைச் சொல்கிறார்கள். கல் மாதிரி நின்றேனா? வேலை பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டும் ஒன்றா?

ஃபைபர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் நியாயம் சொல்ல முடியாது. இரும்புக் கம்பித் துண்டு. விரல் நீளம்கூட இருக்காது. இரண்டு முனையும் வளைந்திருக்கும். பெரிய குடோன், கிட்டங்கிகளுக்குத் தளம் போடும்போது கம்பி கட்டுவதற்குப் பதிலாக இந்தத் துண்டுகளைக் கலவையிலேயே சேர்த்துவிடுவார்கள். பதமாகத் தூவிக் கலந்தால் பிரச்சினை இல்லை. அவசரப்பட்டு மூட்டையோடு கவிழ்த்தால் போச்சு. ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு, சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி உருண்டையாகிவிடும். அந்த உருண்டை குழாய்க்குள் போனால் லைன் அடைத்துக்கொள்ளும். அடைத்து அரைமணி நேரம் விட்டால் உள்ளேயே இறுகிவிடும். அதற்குப் பிறகு அது குழாய் இல்லை, தூண்.

தொட்டி மேல் ஒரு கம்பிச் சல்லடை உண்டு. உருண்டை வந்து அதன்மேல் உட்காரும். உட்கார்ந்த உடனே எடுத்து எறிய வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது. அன்றைக்கு நான் கண்ணை எடுக்கவில்லை. என் குற்றம் இவ்வளவுதான்.

எனக்கு ஒரே மகள். செண்பகவல்லி என்று பெயர், செண்பகம் என்று கூப்பிடுவோம். அவளுக்குப் பதினோரு வயதில் அவள் அம்மா இறந்துபோனாள். சைட் சைட்டாகத் தகரக் கொட்டகையில் படுக்கிறவன் பெண் பிள்ளையை எங்கே வைத்துக்கொள்வது? புளியங்குடியில் என் மச்சான் வீட்டில் விட்டேன். என் வீட்டுக்காரிக்கு அண்ணன், திருமலைக்குமார். எலுமிச்சை மண்டி வைத்திருக்கிறார். அவர் செருமினாலே மண்டியில் பேச்சு நின்றுவிடும். என் மகளுக்குச் சோறு போட்டுப் படிக்க வைத்தவர். அந்த வீட்டுக்குப் போனால் நான் நாற்காலி நுனியில்தான் உட்காருவேன். யாரும் சொல்லி இல்லை. எனக்கே அப்படித்தான் உட்கார வரும்.

அவருக்கு ஒரு பையன், செல்லத்துரை. தங்கமான பையன். கோபம் வந்தால் மட்டும் கை முந்திக்கொள்ளும். மண்டியில் மூட்டை தூக்குகிற ஆள் ஒருவருக்குக் காது சவ்வு கிழிந்துபோனது. இளவட்டம், கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். முறைப்பையன். செண்பகம் அவனுக்குத்தான் என்று மச்சான் எப்போதோ முடிவு பண்ணிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. வளர்த்தவர் எதற்குக் கேட்க வேண்டும்?

டிக்கெட்டா? ராஜபாளையம் ஒன்று. சில்லறை இருக்கிறது, இந்தாங்க.

செண்பகம் படிப்பை முடித்ததும் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தயாரிக்கிற கம்பெனிக்கு வேலைக்கு வந்துவிட்டாள். ஹாஸ்டலில் இருந்தாள். மச்சானுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் எப்படியோ வந்துவிட்டாள். இரண்டு வருஷத்தில் அவளுக்குக் கீழே இருபது பெண்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கொட்டகைக்கு வந்தாள். ஹாஸ்டல் பக்கத்துக் கடையில் மீன் குழம்பும் சோறும் வாங்கிக்கொண்டு வந்து, பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் செல்லத்துரை அத்தானக் கட்டிக்கிட மாட்டேன்."

"ஏம்மா, நல்ல பையந்தான?"

"ஒரே வீட்டுல பத்து வருஷம் இருந்தவ நான். நீங்க தீபாவளிக்கு வந்துட்டுப் போனவரு."

அப்படித்தான் பேசுவாள். அவள் அம்மாவின் வாய்.

"நான் சொன்னா மாமா திமிருன்னுவாரு. நீங்க சொன்னா அவரால மீற முடியாது. 'எனக்குச் சம்மதம் இல்ல'ன்னு ஒரு வார்த்தை. அது போதும்ப்பா."

"போன்ல சொல்லுத பேச்சா இது? மச்சான் நேர்ல வரட்டும். மொகத்தப் பாத்துச் சொல்லுதேன்."

"நிச்சயமா சொல்லுவியளா?"

"சோத்துல கை வச்சிக்கிட்டுச் சொல்லுதேன், போதுமா?"

சிரித்தாள் சார். நான் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து மச்சான் வேன் எடுத்துக்கொண்டு புறப்பட்டு வந்துவிட்டார், ஹாஸ்டலைக் காலி பண்ணிக் கூட்டிக்கொண்டு போக. ஊரில் மண்டபம் பிடித்தாகிவிட்டதாம். என் மகள் என்ன செய்தாள் தெரியுமா? அழவில்லை, சண்டை போடவில்லை. "போற வழியில அப்பாவப் பாத்துக் கேட்டுருவோம் மாமா. அவரு சரின்னா நான் மறுபேச்சு பேசாம வாரேன். இல்லன்னுட்டார்னா என்னத் திரும்ப இங்கயே விட்டுரணும்" என்றிருக்கிறாள். மச்சானும் உடனே சரி என்றிருக்கிறார். அவருக்கு என்னை ரொம்ப நாளாகத் தெரியும்.

அன்றைக்குத்தான் அந்தத் தளம். ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிட்டங்கி, பதினேழாயிரம் சதுர அடி. நடுவில் ஓர் இணைப்பு விழாமல் ஒரே மூச்சில் போட வேண்டும். நாற்பது லாரி கலவை. விடிகாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தோம். நடுவில் நிறுத்தினால் பழைய கலவையும் புதுக் கலவையும் ஒட்டாது. ஆரம்பித்தால் முடிக்கிறவரை நாங்கள் எல்லோரும் உள்ளே மாட்டினவர்கள்தான். மூத்திரத்துக்குப் போவதற்கே ஆள் மாற்ற வேண்டும்.

பம்ப் நின்ற இடத்திலிருந்து கேட் முன்னூறு அடி. அப்போது தெரியாது. அப்புறம் ஒரு நாள் டேப் பிடித்து அளந்தேன். எதற்கு அளந்தேன் என்று கேட்காதீர்கள். சும்மாதான்.

எனக்கு உதவிக்கு ஐயாத்துரை. சின்ன ஆள் இல்லை, நாற்பது வயது, கடையநல்லூர்க்காரன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். ஏழு வருஷமாக என் கூட. லைன் அடைத்தால் சுத்தியலால் குழாயைத் தட்டிக்கொண்டே போவான். சத்தம் எங்கே செத்துப்போகிறதோ அங்கே அடைப்பு என்று கை வைத்துச் சொல்லிவிடுவான். எல்லாம் நான் கற்றுக்கொடுத்தது. இடுப்பில் கட்டிக்கொண்டு பம்பை ஓட்டுகிற ரிமோட்டை மட்டும் நான் யார் கையிலும் கொடுப்பதில்லை.

பதினோரு மணி இருக்கும். லைன் அடைத்துக்கொண்டது. சரியாக அந்த நேரத்தில் ஐயாத்துரை ஓடி வருகிறான்.

"அண்ணே, பாப்பா வந்திருக்கு. ஒங்க மச்சானும் கூட. கேட்டுல வேன் நிக்கி."

"இப்ப எப்படிடா வர? பத்து நிமிஷம் நிக்கச் சொல்லிட்டு நீ சுத்தியல எடு."

பம்பைப் பின்னோக்கி இழுத்தேன், முன்னால் தள்ளினேன், மறுபடி இழுத்தேன். அசையவில்லை. இன்ஜினியர் பிரகலாதன் சார் தலையில் கை வைத்துக்கொண்டு கத்துகிறார். "நாயகம், அரைமணி தாண்டிச்சின்னா தளம் போச்சுய்யா! எனக்கு வேலை போச்சு!" ஐயாத்துரை தட்டிக்கொண்டே போய் மூன்றாவது வளைவில் நின்றான். அழுத்தத்தை இறக்கிவிட்டு, குழாய்களைப் பூட்டியிருக்கிற கிளாம்பைத் திறந்து பார்த்தால், முஷ்டி அளவு உருண்டை. இருபத்தைந்து நிமிஷம் ஆனது எல்லாம் சரியாக. அந்த இருபத்தைந்து நிமிஷம் சாமியே வந்து கூப்பிட்டிருந்தாலும் நான் போயிருக்க முடியாது. இதை ஐயாத்துரைகூட ஒத்துக்கொள்வான்.

அப்புறம் லைன் நன்றாக ஓடியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு அவன் மறுபடி கேட்டுக்குப் போய்விட்டு வந்தான்.

"அண்ணே, வெயில்ல நிக்கி பாப்பா. வேனுக்குள்ள உக்காருன்னு மாமன் சொல்லுதாரு, மாட்டேங்கு. இப்ப லைன் நல்லாத்தான ஓடுது? ரிமோட்ட இப்படிக் குடுங்க. நாலு எட்டு போயிச் சொல்லிட்டு வாங்க."

"ஃபைபர்டா இது. வெளையாட்டா இருக்கா ஒனக்கு?"

"ஏழு வருஷமா பாக்கேன். வெளையாட்டா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

நான் சல்லடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் போகவில்லை.

"அப்ப நானாவது போயிச் சொல்லட்டா? 'அவருக்குச் சம்மதம் இல்லையாம், பாப்பாவ விட்டுட்டுப் போங்க'ன்னு?"

"எங்க குடும்பத்து விஷயத்துல நீ யாருடா?"

சொல்லியிருக்கக் கூடாது. ஏழு வருஷம் ஒரே கொட்டகையில் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவனிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வாஸ்தவம் அதுதானே?

ஒரு மணிக்குச் சாப்பிட்டேன். சாப்பிடாமல் எப்படி சார்? எனக்குச் சர்க்கரை இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கண் இருட்டிக்கொண்டு வரும், டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அந்த அரைமணி நேரம் ஐயாத்துரைதான் ஓட்டினான். இரண்டு லாரி இறக்கினான். ஒன்றும் ஆகவில்லை. கலவை நல்லதாக வந்தது, அவன் அதிர்ஷ்டம்.

என்ன? ரிமோட்டா? ஆமாம், கொடுத்தேன். அது சாப்பாட்டுக்குக் கொடுத்தது. சாப்பாட்டுக்கு ஆள் மாற்றுவது எல்லா சைட்டிலும் உள்ளதுதான். நீங்களும் ஐயாத்துரை மாதிரியே கேட்கிறீர்களே. பம்புக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டியிருந்தது, அதன் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். தயிர்ச்சாதம். கேட் அந்தப் பக்கம் இல்லை சார், முன்பக்கம். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன் என்று அவன் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். நிழல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தானே உட்கார முடியும்?

சாப்பிட்டு எழுந்து, கை கழுவி, ரிமோட்டை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டதும் மனசுக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை எப்படிச் சொல்ல? இனிமேல் யாரும் என்னை அசைக்க முடியாது என்கிற மாதிரி.

இரண்டு மணிக்கு அவளே உள்ளே வந்துவிட்டாள். ஹெல்மெட் இல்லாதவர்களை மஞ்சள் ரிப்பனுக்கு இந்தப் பக்கம் விடமாட்டார்கள். ரிப்பனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கும் அவளுக்கும் நாற்பது அடிகூட இல்லை. பம்ப் சத்தத்தில் எதுவும் கேட்காது. ஆனால் அவள் வாயைப் பார்த்தேன். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். உதடு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. அப்பா என்று சொல்லும்போதுதான் அப்படி ஒட்டும்.

பின்னாலேயே மச்சான் வந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சிரித்தார். கையெடுத்துக் கும்பிட்டார். மண்டிக்காரர், என்னைவிட மூத்தவர், அவ்வளவு பேர் முன்னால் என்னைக் கும்பிடுகிறார். நான் என்ன செய்ய? நானும் கும்பிட்டேன்.

அந்த நேரம் பார்த்து சல்லடை மேல் ஓர் உருண்டை வந்து உட்கார்ந்தது. குனிந்து எடுத்தேன். கையுறையில் மாட்டிக்கொண்டது, உதறி எறிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ரிப்பன் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

கேட்டில் என்ன நடந்தது என்று ஐயாத்துரைதான் சொன்னான். "பாத்துட்டியா, ஒங்கப்பன் வாயே தொறக்கல. ஏறு வண்டியில" என்றாராம் மச்சான். செண்பகம் பேசாமல் ஏறிக்கொண்டாளாம். பேச்சு மாறாத பிள்ளை சார் அவள். இதைச் சொல்லிவிட்டு ஐயாத்துரை அன்றைக்கு முழுக்க என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்குக் கடைசி லாரி. குழாயெல்லாம் கழுவி அடுக்கி வைத்துவிட்டுத்தான் போனான், வேலையில் குறை வைக்கவில்லை. மறுநாள் வேறு பம்புக்கு மாறிவிட்டான். இப்போது அவனும் ஆபரேட்டர். ஃபைபருக்கு இப்போது அவனைக்கூடக் கூப்பிடுகிறார்களாம். கற்றுக்கொடுத்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகவில்லை.

பன்னிரண்டாவது நாள் கல்யாணம். போனேன். முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். மச்சான் எனக்குப் பட்டு வேட்டி எடுத்திருந்தார். அவள் என்னிடம் பேசவில்லை. கல்யாணப் பெண் எப்படிப் பேசுவாள், கூச்சம் இருக்கும்தானே?

அதற்கப்புறம் இந்த ஒரு வருஷமாகப் போன் அடித்தால் மாப்பிள்ளைதான் எடுப்பார். "நல்லா இருக்கா மாமா" என்பார். மரியாதையாகத்தான் பேசுவார். வைத்துவிடுவார்.

இன்றைக்கு மதியம்தான் முதல்தடவையாக அவர்கள் வீட்டுக்குப் போனேன். மண்டிக்குப் பின்தெருவில் தனி வீடு பார்த்துக் கொடுத்திருக்கிறார் மச்சான். நல்ல வீடு, காற்றோட்டமான தெரு. கதவில் பூட்டு தொங்கியது. ஆள் இல்லை என்று திரும்பினேன். உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம். ஜன்னலைத் தட்டினேன். செண்பகம் திறந்தாள்.

மாப்பிள்ளை மண்டிக்குப் போகும்போது பூட்டிவிட்டுப் போவாராம். அந்தத் தெருவில் திருட்டு இருக்கும் போல. மெலிந்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். செம்பு ஜன்னல் கம்பிக்குள் நுழையவில்லை. உள்ளே போய் டம்ளர் எடுத்து வந்து, அதில் ஊற்றிக் கம்பி வழியாக நீட்டினாள். நான் தெருவில் நின்று குடித்தேன்.

குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். நான் காதைக் கம்பியோடு ஒட்டிக் கேட்டேன்.

"அப்பா, எதுத்தாப்புல லேத் பட்டறை இருக்கு. கேட்டா சுத்தியல் குடுப்பாங்க."

"எதுக்கும்மா?"

அவள் பூட்டு இருந்த பக்கம் பார்த்தாள்.

சின்னப் பூட்டுதான் சார். இறுகிப்போன கிளாம்பையே ஒரே அடியில் திறக்கிறவன் நான். ஆனால் அடுத்தவர் வீட்டுப் பூட்டு இல்லையா? உடைத்துவிட்டு அப்புறம் மச்சான் முகத்தில் எப்படி விழிக்க? "பதட்டப்படாத. மாப்பிள்ள வரட்டும், நான் நேர்ல பேசுதேன்" என்றேன். "எப்ப வருவாரு?" என்றேன். ஏழு மணி ஆகும் என்றாள். எனக்கு நாளை விடிந்தால் திருச்சியில் தளம். இதுவும் ஃபைபர்தான், நான் இல்லாமல் ஆரம்பிக்க முடியாது. மூன்றரை பஸ்ஸை விட்டால் போய்ச் சேர முடியாது. அதை அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அடுத்த தடவை கண்டிப்பாக இரண்டு நாள் தங்குகிற மாதிரி வருகிறேன் என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்தபடியே கேட்டாள்.

"அப்பா, அன்னைக்குப் போட்டீயளே, அந்தத் தளம் நல்லா வந்துச்சா?"

இந்த ஒரு வருஷத்தில் ஆளாளுக்கு என்னைக் குறை சொல்லியிருக்கிறார்களே தவிர, அந்த வேலை எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டதில்லை. அவள் கேட்டாள். என் மகள்.

சொன்னேன். ஒரு கீறல் விழவில்லை என்று சொன்னேன். பிரகலாதன் சார் மட்டம் வைத்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கியதைச் சொன்னேன். வெளிநாட்டுக்காரர்கள் வந்து போட்டோ எடுத்ததை, பத்து டன் வண்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினாலும் அதிராததை, லைன் அடைத்தபோது தளம் எந்த இடத்தில் நின்றது என்று இன்றைக்கு யாராலும் அடையாளம் காட்ட முடியாது என்பதை, எல்லாவற்றையும் சொன்னேன். கையை நீட்டி அளவு காட்டிச் சொன்னேன். நன்றாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம்தான் கவனித்தேன், ஜன்னல் சாத்தியிருந்தது. எப்போது சாத்தினாள் என்று தெரியவில்லை. எதுவரைக்கும் கேட்டாள் என்றும் தெரியவில்லை. டம்ளர் என் கையிலேயே இருந்தது. ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.